டிசம்பர் லீவு: யூனிவர்சல், லெகோலாண்ட், சொந்தக்காரர் வீடுகள், 26இல் பாண்டிருப்பு. எல்லாம் ஏலுமா?

கல்லடிக்காரி:
வணக்கம். நானும் இவரும் டிசம்பர் லீவுக்குச் சிங்கப்பூர் போகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. 19ஆம் திகதி நடுச்சாமத்து பிளைட், திரும்பி 25 மத்தியானம் கட்டுநாயக்கவில் இறங்குவோம். செந்தோசாத் தீவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ், மலேசியப் பக்கம் ஜொகூரில் லெகோலாண்ட், இரண்டு தீம் பார்க்கும் பார்க்க ஆசை. தங்குவது வூட்லண்ட்ஸில் மச்சாள் வீட்டில். அவ வாழ்க்கைப்பட்ட பக்கத்து ஆட்கள் பொங்கோலிலும் ஜூரோங்கிலும் இருக்கிறார்கள், "எங்கட வீட்டுக்கும் ஒருநாள் வரத்தான் வேணும்" என்று வாட்ஸ்அப்பில் இப்போதே தொடங்கிவிட்டார்கள். வராவிட்டால் அது மாமியின் காதுக்கு வந்து சேர்ந்துவிடும், உங்களுக்குத் தெரியும்தானே. இதற்கு மேல் 26 காலையில் கல்முனைப் பக்கம் பாண்டிருப்பில் மாமி வீட்டில் நிற்க வேண்டும். மாமா சுனாமியில் போனவர், அந்த நாளை விடவே ஏலாது. இவர் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு, மணிக்கணக்கும் போட்டு, "எல்லாம் நடக்கும்" என்கிறார். அந்த ஷீட்டில் தூங்குவதற்கு எங்கே இடம் என்று எனக்குத் தெரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், எதை வெட்டலாம்?

வாவிக்கரையான்:
தங்கச்சி, நானும் மனிசியும் இப்படி ஒரு டிசம்பரில் போய் வந்தோம், வந்த பிறகு லீவுக்கு ஒரு லீவு தேவைப்பட்டது. முதல் விஷயம் மழை. இங்கே நம்மை நனைக்கிற அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் அங்கேயும், டிசம்பரில் பின்னேரமானால் கொட்டும். இடி மின்னல் என்றால் யூனிவர்சலில் வெளியில் ஓடுகிற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், டிரான்ஸ்ஃபோர்மர்ஸ், மம்மி மாதிரி உள்ளுக்குள் ஓடுவது மட்டும் ஓடும், சனம் முழுக்க அங்கேதான் போய் நிற்கும். அதனால் வெள்ளென வாசலில் நின்று வெளி ரைடுகளை முதலில் முடியுங்கள். ஜுராசிக் பார்க் தண்ணீர் ரைடுக்கு மட்டும் கடைசியில் ஏறுங்கள், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஏறவே வேண்டாம். மனிசி ஜீன்ஸோடு ஏறி, தொடை வரை ஊறி, அந்த ஈரத்தோடு எம்ஆர்டி ரயில் ஏசிக்குள் வூட்லண்ட்ஸ் தூரம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தா. என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

வரிசையில் கனநேரம் நிற்காமல் ஏற விடுகிற எக்ஸ்பிரஸ் பாஸ்: டிக்கெட்டே ஆளுக்கு 80 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல், பாஸ் அதற்கு மேல் தனி, சனம் கூடிய நாளில் விலையும் கூடும். தனி ஆள் வரிசை என்று சில ரைடுகளுக்கு இருக்கிறது, அது கிடுகிடு என்று நகரும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருத்த மாட்டார்கள். புதுசாய்க் கட்டினவர்கள் என்றால் யோசியுங்கள், எங்களுக்கு அது நல்லதாய்ப் போயிற்று.

தம்பிலுவில்_புள்ள:
நான் இங்கே சிங்கப்பூரில் வேலை செய்கிறேன் அக்கா. லெகோலாண்டைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள். வரைபடத்தில் வூட்லண்ட்ஸுக்கு அங்காலதான் ஜொகூர், பாலம் ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் டிசம்பரில் இங்கே ஸ்கூல் லீவு, கிறிஸ்மஸ் கிழமை வேறு, இரண்டு பக்கமும் இமிகிரேஷன் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். நம் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூருக்கு விசா தேவையில்லை, வருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் அரைவல் கார்டை ஆன்லைனில் நிரப்பினால் போதும். மலேசியா அப்படி இல்லை, விசா எடுக்க வேணும். அதோடு லெகோலாண்ட் சின்னப் பிள்ளைகளுக்கானது. நீங்கள் இரண்டு பேரும் அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள்?

யூனிவர்சலுக்குத் திங்களோ செவ்வாயோ போங்கள், சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். விவோசிட்டி ஷொப்பிங் மோலிலிருந்து கடல் மேல் நடைபாதையால் காசில்லாமல் நடந்தும் போகலாம், ஆனால் உள்ளே நாள் முழுக்க நடக்கத்தானே போகிறீர்கள், நான்கு வெள்ளியை மிச்சம் பிடிக்காமல் ரயிலில் போங்கள்.

ஆரையம்பதி மாமா:
எல்லோரும் பார்க்கைப் பற்றியே சொல்கிறீர்கள். பார்க்கில் கால்தான் நோகும், ஒரு இரவு படுத்தால் சரி. ஆளை முறிப்பது வீடு வீடாய்ப் போவது. பொங்கோல் ஒரு மூலை, ஜூரோங் மறு மூலை, போய் வரவே நேரம் போய்விடும். போனால் சும்மா விடுவார்களா? "இவ்வளவு தூரம் வந்து ஒரு வாய் சாப்பிடாமலா" என்று கோழிக்கறியும் சோறும் வைத்து, அது செரிக்கும் முன்னம் அடுத்த வீட்டில் கணவாய்க் கறி. பிள்ளை, மச்சாளிடம் சொல்லி ஒரு நாள் பின்னேரம் எல்லோரையும் வூட்லண்ட்ஸுக்கே கூப்பிடச் சொல்லு. செலவு உங்களுடையதாய் இருக்கட்டும். கொண்டுபோகிற பயற்றம் உருண்டையையும் அரியதரத்தையும் அங்கேயே பங்கு போட்டுக் கொடுத்தால் முடிந்தது கதை. ஒருவர் வீட்டுக்குப் போய் மற்றவர் வீட்டுக்குப் போகவில்லை என்ற பேச்சும் வராது. அதையும் போய்ச் சேர்ந்த அடுத்த நாளே வையுங்கள். கடைசி நாளுக்கு வைத்தால் பெட்டி கட்டவும் விட மாட்டார்கள்.

கல்லடிக்காரி:
மாமா சொன்னது நல்ல யோசனை, மச்சாளுக்கு இப்போதே வொய்ஸ் மெசேஜ் போட்டேன், அவவுக்கும் சந்தோஷம்தான். லெகோலாண்டை ஷீட்டிலிருந்து தூக்கியாயிற்று, இவர் முகம் மட்டும் இன்னும் சரியில்லை. இப்போது என் பயம் 25 பின்னேரம். மத்தியானம் இறங்கி வானில் கல்லடிக்கு வந்து, விடிய எழும்பிப் பாண்டிருப்புக்குப் போவதா? 9.25க்கு மௌன அஞ்சலிக்கு முன்னம் விளக்கு ஏற்ற வேண்டும் என்று மாமி நிற்பா.

வாவிக்கரையான்:
கல்லடிக்கு ஏன் வருகிறீர்கள்? வானை நேரே பாண்டிருப்புக்கு விடுங்கள், இரவு மாமி வீட்டிலேயே படுங்கள். வெளுத்த உடுப்பு ஒரு சோடியை முன்கூட்டியே அங்கே கொடுத்து வையுங்கள், பெட்டியைக் கிளறத் தேவையில்லை. பாதையை மட்டும் அன்றைக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேணும். மழை கூடினால் மன்னம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறி ரோட்டை மூடிவிடுவார்கள், மஹியங்கனை வழியில் மண் சரியும். வான்காரரிடம் இரண்டு வழியும் தெரியுமா என்று இப்போதே கேளுங்கள், தெரியாது என்றால் வேறு ஆளைப் பிடியுங்கள்.

தம்பிலுவில்_புள்ள:
அக்கா, மழைக்கோட்டு இரண்டு ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாங்கள், பார்க்குக்குள் விலை கூட. வரும்போது எனக்கு ஒரு கிலோ முந்திரிப்பருப்பும் ஏலுமென்றால்.