பழைய எம்எக்ஸ்-5இன் வளையும் பம்பர்: பெங்களூரில் செப்பனிட்ட அனுபவம்

பெங்களூரில் தாழ்வான கார் வைத்திருப்பவர் எவருக்கும் வேகத்தடைகளோடு தீராத கணக்கு ஒன்று இருக்கும். என்னுடைய முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் முன்பம்பர், நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்ததும் அப்படித்தான். முதலில் கொடுத்த பட்டறையில், தகரத்துக்குப் பார்க்கும் அதே பாலியெஸ்டர் பட்டியைப் பார்த்து, பெயிண்ட் அடித்துத் தந்தார்கள். அந்தப் பட்டி காய்ந்தால் கல்லாகிவிடும். பம்பரோ கட்டைவிரலால் அழுத்தினாலே உள்வாங்கும். மழைக்காலம் முடிவதற்குள் பழைய கோட்டிலேயே விரிசல் எழுந்து, ஓரங்களில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தது.

பிறகு ஜே.சி. ரோட்டுப் பக்கம் கொட்டகை வைத்திருக்கும் தமிழ்ப் பெயிண்டர் ஒருவரிடம் போனேன். “சார், என்ன அடிக்கிறதுன்னு அப்புறம் பாக்கலாம், இது என்ன பிளாஸ்டிக்குன்னு மொதல்ல தெரியணும்” என்றவர், பம்பரின் உள்விளிம்பில் பிளேடால் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீர் மக்கில் போட்டார், மூழ்கியது. இன்றைய கார்களில் பெரும்பாலும் வரும் பாலிபுரொப்பிலீன், தண்ணீரைவிட இலேசானது என்பதால் பொதுவாக மிதக்கும். சால்டரிங் முனையை உள்பக்கம் வைத்துப் பார்த்தபோது, அந்த இடம் உருகி ஓடாமல் நுரைத்துப் புகைந்தது. ஆகவே இது ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத வகை யூரித்தேன் பிளாஸ்டிக். பாலிபுரொப்பிலீன் பம்பரைப் போலப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி ஒட்டவைக்க முடியாது, பசையைத்தான் நம்ப வேண்டும்.

உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்பே சோப்பு நீராலும் மெழுகு நீக்கியாலும் துடைத்துவிட்டார், ஏனெனில் பழைய பாலிஷில் உள்ள சிலிக்கான் தேய்ப்புக் கீறல்களுக்குள் இறங்கிவிட்டால் புதிய பெயிண்டில் மீன்கண் போன்ற குழிகள் விழும். விரிசல் மேலும் ஓடாதிருக்க அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, கோணிப்போயிருந்த கிழிசல் விளிம்பை ஹீட் கன்னால் இளக்கி நேராக்கி, ஈரத்துணியால் குளிரவைத்தார். பின்பக்கம் ஃபைபர் வலையை இரண்டு பொருளைக் கலந்து இறுகவைக்கும் வளையும் பசையில் பதித்து, முன்பக்கம் ‘வி’ வடிவில் பள்ளம் எடுத்து அதையும் வளையும் பசையாலேயே நிரப்பினார். கிரைண்டரை வேகமாக ஓட்டினால் பரப்பு சூடேறிக் கெடும் என்பதால், பெரும்பகுதியைக் கையாலேயே தேய்த்தார்; என் கணக்கில் கூலியில் பாதி இந்தப் பொறுமைக்குத்தான்.

பிரைமரிலும், மேலே அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்டிலும் வளைவு தரும் திரவத்தை டப்பாவில் அச்சிட்டிருந்த விகிதப்படியே கலந்தார். கை தாராளமானால் பூச்சு இறுகாமல் மென்மையாகவே நின்றுவிடும். பூச்சை இறுகவைக்கும் ஹார்ட்னரில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருப்பதால் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் வேலையல்ல இது. கார்ட்ரிட்ஜ் முகமூடியை நானே வாங்கிக் கொடுத்தேன், அவர் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

இப்போது பம்பரை அழுத்தினால் பூச்சும் கூடவே வளைகிறது, விரிசல் இல்லை. ஆனால் வெயிலில் வெளுத்த ஃபெண்டரைவிட (முன்சக்கரத்தின் மேலுள்ள தகடு) பக்கத்திலிருக்கும் பம்பரின் சிவப்பு ஒரு சாயல் அடர்த்தியாகவே நிற்கிறது. ஃபெண்டரைப் பாலிஷ் செய்து பார்ப்பதா, அல்லது நிறத்தை ஃபெண்டருக்குள் கொஞ்சம் கலந்து அடிப்பதா என்று, பழைய சிவப்புக் காருக்கு இதைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.