புதுப்பிப்பு: முன் ஃபோர்க்கில் இருந்த இரும்பு முளைகள் கால்தாங்கிகளே

1890களின் ஆங்கிலேய மிதிவண்டி ஒன்றின் முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவையில்) இருபுறமும் இறுக்கப்பட்டிருந்த இரும்பு முளைகள் எதற்கென்று கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி. விளக்கு மாட்டும் கொக்கி, ஏறுபடி, கால்தாங்கி என்று வந்த கருத்துகளில் கடைசியே சரி. துருவை நீக்கியதும், காலணி வழுக்காதிருக்க வெட்டிய வரிப்பள்ளங்கள் மேற்புறத்தில் தெளிவாகத் தெரிந்தன. 1900ஐ ஒட்டி ஃப்ரீவீல் (பெடல் நின்றாலும் சக்கரத்தை உருளவிடும் அமைப்பு) பரவும்வரை, சக்கரம் உருளும்போதெல்லாம் பெடலும் சுழன்றுகொண்டே இருந்ததால், இறக்கங்களில் ஓட்டுநர்கள் கால்களைத் தூக்கி இந்த முளைகளின் மேல் வைத்து வண்டியைத் தானாக உருளவிட்டார்கள்.

நான் எதிர்பாராதது பிரேக் பற்றியது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டால் எதிர்த்து மிதித்து வேகத்தைத் தணிக்க இயலாது. முன் டயரை மேலிருந்து அழுத்தும் கரண்டி வடிவப் பிரேக் மட்டுமே துணை. இந்த வண்டியில் அது கழன்றுபோயிருப்பதால், முளைகளைப் பழையபடி பொருத்திவிட்டாலும், பிரேக் கிடைக்கும்வரை சரிவில் ஓட்டப்போவதில்லை.