ஹிகுராஷி: எட்டாம் பாகம் திகிலைக் கொன்றுவிட்டதா?

நிழல்வாசி
முழுக்கதையும் இங்கே உடையும். படிக்காதவர்கள் இப்போதே திரும்பிவிடுங்கள்.

ரியுகிஷி 07 எழுதிய 'ஹிகுராஷி நோ நகு கோரோ நி' என்ற விஷுவல் நாவல் தொடர் (படமும் ஒலியும் கூடவர, கணினியில் படிக்கும் கதை), 2002 ஆகஸ்ட் காமிக்கெட்டில் (ஜப்பானின் சுயவெளியீட்டுச் சந்தை) ஒனிககுஷியோடு தொடங்கி, 2006 ஆகஸ்டில் மத்சுரிபயாஷியோடு எட்டாம் பாகத்தில் முடிந்தது. களம் 1983 ஜூன், ஹினமிசாவா என்ற மலைக்கிராமம். வதானகாஷி திருவிழா இரவில் வருடா வருடம் ஒருவர் சாவார், ஒருவர் காணாமல் போவார். முதல் பாகம் அளவுக்கு நடுங்கவைத்த விஷுவல் நாவல் அபூர்வம். அது போய் முடிந்த இடத்தைப் பாருங்கள்: ஊராருக்குச் சந்தேகவெறி பிடிக்கவைக்கும் ஒட்டுண்ணி, ரகசியப் படை, 34ஆம் எண் அவசரக் கையேடு. அது போதாதென்று ஒரு தெய்வம் இறங்கிவந்து துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறது.

விளக்கம் கொடுத்ததில் எனக்குச் சண்டை இல்லை. அந்த விளக்கம் பின்னோக்கிப் போய்ப் பழைய காட்சிகளையும் கெடுக்கிறதே, அதுதான் பிரச்சினை. ஒனிககுஷியில் கதைசொல்லி கெய்ச்சி நடையை நிறுத்திய பிறகும் பின்னால் ஒரு காலடி கூடுதலாகக் கேட்கும். முகம் இல்லை, உருவம் இல்லை, கணக்கில் இடிக்கிற அந்த ஒற்றை அடி மட்டும்தான். அது ஹன்யூ என்று தெரிந்த பிறகு? மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் வரும் ஒரு பாவப்பட்ட குட்டிச்சாமி. மறுவாசிப்பில் அந்தக் காட்சிக்கு உயிரே இல்லை.

செங்காந்தள்
எனக்கு அது நேர்மாறுங்க. ஒருத்தி மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வர்றா, அவன் காதுல அது கொலைகாரன் காலடியா விழுது. இதைவிடப் பயங்கரம் என்ன இருக்கு?

ஓஹாகி காட்சியை எடுத்துக்கோங்க. தோழிகள் கொண்டுவந்த பலகாரத்துல ஊசி இருக்குன்னு கெய்ச்சி துப்புறான். கடைசியில ரேனாவும் மியோனும் சிரிஞ்சோட வந்துட்டாங்கன்னு நம்பி ரெண்டு பேரையும் மட்டையால அடிச்சே கொல்றான். ஆறாம் பாகம் த்சுமிஹோரோபோஷியில அவனுக்கே நினைவு திரும்புது: ஊசி இல்லை, விளையாட்டுக்குக் கலந்த காரச் சாஸ். சிரிஞ்சு இல்லை, விளையாட்டுல தோத்தவன் முகத்துல கிறுக்குற மார்க்கர் பேனா. இதைத் தெரிஞ்சுக்கிட்டு முதல் பாகத்தைத் திரும்பப் படிச்சா, ரேனா 'என்னாச்சு கெய்ச்சி'ன்னு கேக்குற ஒவ்வொரு வரியும் நெஞ்சைப் பிசையுது. விளக்கம் வந்ததால திகில் கூடின இடம் இது. கதைசொல்லியை நம்பினது நம்ம தப்பு, ஆசிரியர் தப்பு இல்லை.

நிழல்வாசி
த்சுமிஹோரோபோஷியை நான் தொடவே இல்லையே. அது ஆறாம் பாகம். நான் பேசுவது எட்டு. மார்க்கர் பேனா விடைக்கு ஒட்டுண்ணியே தேவையில்லை. சந்தேகப்புத்தி ஒன்றே போதும். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தத் தொடர் எங்கேயோ போயிருக்கும்.

இரண்டாம்க்ளிக்
நீங்க ரெண்டு பேரும் விடை சரியா தப்பான்னு பேசறீங்க. எனக்கு என்னவோ சறுக்கல் வேற இடத்துல இருக்கு. பார்வைக்கோணம்.

ஒனிககுஷி எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. முடிவெடுக்க ஒரு தேர்வுகூடக் கிடையாது, க்ளிக் மட்டும்தான். மூலப் பதிப்புல குரல் நடிப்பும் இல்லை. பின்னணி எல்லாம் ஷிரகாவா-கோ பக்கத்துப் போட்டோக்களை வடிகட்டி எடுத்தது, ஆள் நடமாட்டமே இருக்காது. திரை முழுக்க எழுத்து, அந்த எழுத்து பூராவும் கெய்ச்சி தலைக்குள்ள இருந்து வருது. கூட சிள்வண்டுச் சத்தம். வாசகன் அவன் மண்டையில மாட்டிக்கிட்டான், சரிபார்க்க வேற சாட்சி இல்லை. பயம் அங்கதான் உற்பத்தி ஆகுது.

மத்சுரிபயாஷி அந்தக் கதவைத் திறந்துவிட்டுடுது. முதல்ல வில்லி தகனோவோட பால்யம், அநாதை விடுதிக் கொடுமை (இது தொடரிலேயே உச்சம், யாரும் மறுக்க முடியாது). அடுத்து துண்டுக்காட்சிகளைச் சரியான வரிசையில தேடித் தேடிச் சேர்க்கிற பகுதி. அப்புறம் ரெண்டு தரப்புத் திட்டமும் நமக்கு முன்கூட்டியே தெரிஞ்ச நிலையில காட்டுச் சண்டை. எதிராளி அடுத்து என்ன செய்வான்னு தெரிஞ்சா பதற்றம் வரலாம், திகில் வராது. ஒட்டுண்ணியை வச்சுக்கிட்டே, கடைசிப் பாகத்தையும் ஒரே ஆள் கண் வழியா எழுதியிருந்தா பாதிப் புகார் காணாமப் போயிருக்கும்.

பழுப்புப்பக்கம்
துப்பறியும் கதை வாசகனாக எனக்கு இருக்கும் குறை இன்னும் அடிப்படையானது. இது 'கண்டுபிடி பார்க்கலாம்' என்று சவால்விட்ட தொடர். பாகங்களின் முடிவில் பாத்திரங்களே கூடி உட்கார்ந்து, மனிதச் சதியா சாபமா என்று விவாதிப்பார்கள். இடையிடையே டிப்ஸ் என்ற குறிப்புகள் வேறு. அடுத்த பாகம் வருவதற்குள் வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அப்படி அழைத்துவிட்டு, உலகத்தில் இல்லாத ஒரு நோயை, எல்1 முதல் எல்5 வரை படிநிலைகளோடு, விடையாக வைப்பது ஆட்ட விதிக்குள் வராது.

செங்காந்தள்
நோயோட பேரையும் நிலைகளையும் யாராலும் ஊகிக்க முடியாது, அது சரி. ஆனா வடிவத்தை ஊகிக்க முடியும். ஊருக்கு வந்துபோற போட்டோக்காரர் தோமிதாகே தன் தொண்டையைத் தானே பிறாண்டிச் சாகிறார், உடம்புல போதைமருந்து தடயம் இல்லை. தகனோவோடதுன்னு கருகின உடல் ஒண்ணு கிஃபு மலையில ட்ரம்முக்குள்ள கிடைக்குது. ஆனா பிரேதப் பரிசோதனைப்படி அது திருவிழாவுக்கு முன்னாடியே செத்த உடல், தகனோவைத் திருவிழாவுல எல்லாரும் பாத்திருக்காங்க. அப்ப உடல் அவளோடது இல்லை. மூணாம் பாகம் ததாரிகோரோஷி முடிவுல விஷவாயுன்னு சொல்லி ஊரே அழியுது. ஊரையே மூடி மறைக்கிற கை எதுன்னு கேட்டா, அரசாங்கப் பலம் உள்ள கைதான். அந்தப் பாகம் வெளியானது 2003 ஆகஸ்ட். முடிவுக்கு மூணு வருஷம் முன்னாடி!

அப்புறம் தகனோவோட குறிப்பு நோட்டுகள். த்சுமிஹோரோபோஷியில ரேனா அதைப் படிச்சுட்டு, கிராமத்தையே ஒட்டுண்ணி பிடிச்சிருக்குன்னு அலறுறா. விடையை வாசகன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'பாவம், புத்தி பேதலிச்சிருச்சு'ன்னு சிரிக்க வச்சிருக்காரு.

பழுப்புப்பக்கம்
உடல் மாற்றுக் கணக்கை ஏற்கிறேன், அது நேர்மையான துப்பு. நோட்டு விஷயத்தை ஏற்க மாட்டேன். அதே நோட்டுகளில் வேற்றுக்கிரகவாசி ஊகமும் இருக்கிறது. பத்துப் பொய்க்கு நடுவில் ஒரு உண்மையைச் செருகிவிட்டு 'அப்போதே சொன்னேனே' என்பதைத் துப்பு என்று எண்ண முடியாது. வாசகன் ஒன்பதைக் கழிக்க ஏதாவது வழி இருக்க வேண்டும், இங்கே இல்லை.

நிழல்வாசி
காட்டுச் சண்டைக்கு யாராவது வக்காலத்து வாங்குங்கள், பார்க்கலாம். யமாஇனு என்பது ஒரு ஊரையே துடைத்தழிக்கத் தயார்செய்யப்பட்ட படை. முந்தைய பாகம் மினாகோரோஷியில் இவர்கள் இருக்கும்போதே தகனோ பிள்ளைகளைச் சுட்டுத்தள்ளுகிறாள். திரும்பத் திரும்ப அதே ஜூனை வாழும் சிறுமி ரிகா, நினைவு தப்பக்கூடாது என்று மயக்க மருந்தை மறுத்துவிட்டுச் சாகிறாள். அதே படை அடுத்த பாகத்தில் சாதோகோ என்ற பள்ளிச் சிறுமி வெட்டிவைத்த குழிகளில் பொத்துப் பொத்தென்று விழுகிறது. படைத்தலைவன் ஓகோனோகியை மியோன் ஒற்றைக்கு ஒற்றை மல்லுக்கட்டித் தோற்கடிக்கிறாள். வில்லனை இப்படிக் கோமாளியாக்கினால், முன்பு செத்தவர்களின் சாவுக்கு என்ன மரியாதை?

செங்காந்தள்
மல்லுக்கட்டுக்கு வக்காலத்து இல்லை, அது எனக்கும் ஓவர்தான். ஆனா ஜெயிச்சது குழியால இல்லை, 48 மணி நேரத்தால. ராணி நோய்த்தாங்கி ரிகா செத்தா 48 மணி நேரத்துல ஊரே வெறிபிடிக்கும், அதனால ஊரை அழிக்கணும். கையேட்டோட முழு நியாயமும் இதுதான். பிள்ளைங்க என்ன பண்றாங்க? ஓய்ஷியோட போலீஸ் மூலமா, ரிகா செத்து 48 மணி நேரம் ஏற்கெனவே தாண்டிடுச்சுன்னு சேதி பரப்புறாங்க. ஊர் அமைதியா இருக்கு. அப்ப ஆய்வே பொய்னு ஆகுது, தகனோ காலுக்குக் கீழ இருந்த தரையே போகுது. காட்டுக்குள்ள அவ ரிகாவைத் துரத்துறதே இதனாலதான். எதிரியோட விதியை வச்சே எதிரியை மடக்குற திட்டம், சுத்தமான புதிர் விடை.

மினாகோரோஷியில சாதோகோவைக் கொடுமைக்காரச் சித்தப்பன்கிட்ட இருந்து மீட்க, குழந்தைகள் நல அலுவலகத்துக்கு முதல்ல சில பேர், அடுத்த தடவை இன்னும் அதிகம்னு ஆள் சேர்த்துக்கிட்டே போறாங்களே, அதோட தொடர்ச்சிதான் இது. தனியாப் போனவன் சாவான்னு எட்டுப் பாகமும் சொல்லுது.

இரண்டாம்க்ளிக்
48 மணி நேரத் திட்டம் அருமை. ஆனா அதைப் பேசி முடிவெடுக்கிற காட்சியை நமக்கு முழுசாக் காட்டிட்டுத்தான் நிறைவேத்துறாங்க. மறைச்சுவச்சு, தகனோ பக்கத்துல இருந்து மட்டும் சொல்லியிருந்தா? ரிகா செத்த சேதி வாசகனுக்கும் நிஜமா இடியா இறங்கியிருக்கும்.

புதுசாப் படிக்கிறவங்களுக்கு: வெளியான வரிசையிலேயே எட்டையும் படிங்க, அஞ்சாம் பாகம் மெயாகாஷிக்குத் தாவிடாதீங்க. ஸ்டீம் பதிப்புக்கு ரசிகர்கள் போடுற மாட்ல (மாற்றத் தொகுப்பு) பிஎஸ்3 ஓவியமும் குரலும் வரும். கேள்விப் பாகங்கள் நாலையும் முழுத்திரை எழுத்து முறையில, பழைய பின்னணியோட ஓட்டுங்க. கீழே பெட்டியில ரெண்டு வரி மட்டும் வந்தா மேலே அழகான முகம் சிரிச்சுக்கிட்டு நிக்கும், மூச்சுமுட்டல் போயிடும். மினாகோரோஷி முடிச்சதும் கொஞ்சம் இடைவெளி விடுங்க, தொனி அங்கதான் உடையுது.

எட்டாவது கசந்தா, 2006 டிசம்பர்ல வந்த 'ரெய்'ங்கிற பின்தொடர் தொகுப்புல இருக்கிற சாயிகோரோஷியையும் படிச்சிடுங்க. யாரும் பாவம் செய்யாத உலகத்துல ரிகா விழிக்கிறா, பெத்தவங்க உயிரோட இருக்காங்க. திரும்பி வர அம்மாவையே கொல்லணும். அது கனவா நிஜமான்னு கடைசிவரைக்கும் உறுதியாத் தெரியாது.

நிழல்வாசி
சாயிகோரோஷி பிரமாதம், மறுப்பே இல்லை. என் வாதத்துக்கு அதுவே சாட்சி. ஒரு விஷயத்தைத் தீர்க்காமல் விட ரியுகிஷிக்குத் தெரிந்திருக்கிறது. மத்சுரிபயாஷியிலோ ஒரு கடன்கூட பாக்கி இல்லை. தோமிதாகே வந்து தகனோவை நோயாளி என்று காப்பாற்றுகிறார். கடைசியில் ஒரு பெண் சிறுமி மியோகோவிடம் (தகனோவின் பால்யப் பெயர்) போய், பெற்றோரைப் பறிகொடுக்கும் விபத்தையே தடுத்துவிடுகிறாள். கொலைகாரிக்குக் கூடவா புதுப் பால்யம்?

செங்காந்தள்
ஆமா, அவளுக்கும்தான். கெய்ச்சி ரெண்டு பேரை அடிச்சுக் கொன்னான், மியோனோட இரட்டை ஷியோன் செஞ்ச கொலைகளைச் சொல்லவே வேண்டாம். அவங்களை மன்னிச்சப்போ நீங்க யாரும் இழை திறக்கலை.