மூணு பசங்க, ஒரு போன்: சனிக்கிழமையை எப்படித் தள்றதுங்க?

பல்லடம் ரோட்டுக்காரி:

வணக்கமுங்க. திருப்பூர்ல பல்லடம் ரோட்டை ஒட்டி ஒரு மேல்மாடி வாடகை வீட்ல இருக்கறோம். பையனுக்கு 9 வயசு. அவன் கூட்டாளிக ரெண்டு பேரோட அம்மாக்களும் பனியன் கம்பெனிக்குப் போறாங்க, சனிக்கிழமையும் வேலை. நான் வீட்டோட இருந்து பனியன் பீஸுக்கு நூல் பிசிறு வெட்டிக் குடுக்கறேன். "நீங்க வீட்ல சும்மாதானே இருக்கறீங்க"ன்னு காலைல 10 மணிக்கு ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போனா, பொழுதோட அஞ்சு மணிக்குத்தான் வந்து கூட்டிட்டுப் போவாங்க. சும்மாவா இருக்கறேன்? ஒரு கட்டுக்கு எத்தனை பீஸுன்னு வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

முதல் ரெண்டு வாரம் 11 மணிக்கே போன் ஒருத்தன் கையில, மத்த ரெண்டும் அவன் தோள்மேல. மூணாவது வாரம் போனைத் தூக்கி அரிசி டிரம்முக்குள்ள போட்டுட்டேன். அப்பத்தான் ஒரு விசயம் புரிஞ்சுதுங்க. ரெண்டு பேரு ஜோடி சேர்ந்து வராந்தாவுல பந்து போட ஆரம்பிச்சாங்க, மூணாமத்தவன் என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டான். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா "ஆன்ட்டி, மணி என்ன?" அடுத்த வாரம் வேற ஒருத்தன். அதுக்கு அடுத்த வாரம் எம்பையனே. போன் கேக்கறது எப்பவுமே அந்த ஒத்தையா நிக்கறவன்தான். ரெண்டு பேருன்னா எனக்கு வெசனமே இல்லை.

மொட்டைமாடி இருக்குது, ஆனா நாலு மணி வரைக்கும் கால் வெக்க முடியாது. கீழ வீட்டுக்காரப் பெரியவரு, தொம்முனு சத்தம் கேட்டா மேல ஏறி வந்துருவாரு. காசு போட்டு எதுவும் வாங்கற நிலைமையில நான் இல்லை. மூணு பேரும் சேர்ந்து ஆடற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க.

கோபி டீச்சர்:

நாலாவதா ஒருத்தனைக் கூப்பிட்டுக்குங்க. ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சுக்குவாங்க. 20 வருசமா வகுப்புல நான் பார்த்தது இதுதான்.

போனை ஒரேயடியா மறைக்கவும் வேண்டியதில்லைங்க. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, 5ல இருந்து 10 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள்ள இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. கடைசி அரை மணி நேரம் போனுன்னு முதல்லயே சொல்லிட்டா, நடுவுல கேக்கறது கொறையும்.

அப்புறம் ஒண்ணு, வீட்ல சந்தகை, அதான் இடியாப்பம் மாதிரி, புழியற இரும்பு மிசினு இருக்குதுங்களா? முக்காலி மாதிரி நிக்குமே, அது. வேகவெச்ச மாவைச் சூட்டோட போட்டு, ரெண்டு பசங்க காலைப் பிடிக்க, ஒருத்தன் மேல கைப்பிடியைத் திருகணும். ஆறிப்போச்சுன்னா திருகவே முடியாது, அதனால மூணு பேருமே ஒழுங்கா நிப்பாங்க. மாவை மட்டும் நீங்க போடுங்க, கை சுட்டுரும். தேங்காப்பால் ஊத்திக் குடுத்தீங்கன்னா மத்தியானச் சோறும் முடிஞ்சுது.

பல்லடம் ரோட்டுக்காரி:

நாலாவதா? டீச்சர், மூணுக்கே எங்க வீட்டு ஊறுகா பாட்டில் தாங்கலை. சந்தகை மிசினு எங்கம்மா வீட்ல இருக்குது, அடுத்த தடவை போறப்ப எடுத்தாறேன்.

பழையகோட்டை ரோடு:

எங்க காலத்துல நொங்கு தின்னுட்டு, ரெண்டு கூந்தலை, அதான் தின்னு முடிச்ச காலி நொங்குக்காயை, எடுத்து நடுவுல குச்சி சொருகி வண்டியாக்கி, கவைக்குச்சியில தள்ளிக்கிட்டே இட்டேரி, அதான் ரெண்டு வேலிக்கு நடுவுல போற தடம், பூரா ஓட்டுவோம். எந்தப் பையன் மணி கேட்டான்? இப்பத்திப் புள்ளைகளுக்குப் பொறுமை கெடையாது.

பல்லடம் ரோட்டுக்காரி:

நல்லதுங்கண்ணா. மாடிப்படியில நொங்கு வண்டி ஓட்டச் சொல்றீங்களா?

கோன் அட்டை:

அக்கா, நானும் திருப்பூர்தான். நூல் கோன் தீர்ந்தா உள்ள இருக்கற அட்டைக் கூம்பு சும்மாவே கெடைக்கும், தெரிஞ்ச நிட்டிங்காரங்ககிட்ட கேளுங்க. ஏழெட்டு வாங்கி வரிசையா நிக்க வெச்சு, பனியன் வேஸ்ட்டை இறுக்கி உருண்டையாச் சுத்திக் கட்டின துணிப்பந்துல உருட்டி அடிக்கச் சொல்லுங்க. விழுந்தாலும் சத்தம் வராது. ஒருத்தன் அடிக்க, ஒருத்தன் நிக்க வெக்க, ஒருத்தன் கணக்கு எழுத. கணக்கு எழுதறவன்தான் கள்ளாட்டம் ஆடுவான், அதை மட்டும் பார்த்துக்குங்க.

கொறங்காட்டான்:

அம்மிணி, நமக்குக் காங்கயம் பக்கம். எங்கப்பாரு கொறங்காட்டுல, அதான் மேய்ச்சல் காட்டுல, மாட்டை விட்டாருன்னா அதுக்கப்புறம் அவருக்கு வேலையே கெடையாது. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லு, மாடு எங்கயும் போகாது. படலைச் சாத்திட்டு வெள்வேல மரத்தடியில பாறைமேல கரியில கோடு போட்டு ஆடுபுலி ஆடுவாரு. உங்க சங்கதியைப் படிச்சதும் அதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு, ஏன்னா அதுல புலி சரியா மூணு.

கோடு போடற விதம் சொல்றேன். மேல ஒரு புள்ளி வெச்சு, அதுலருந்து நாலு கோடு கூம்பாட்டம் கீழ எறக்குங்க. அடியில நாலையும் சேர்த்து ஒரு கோடு. உச்சிக்கும் அடிக்கும் நடுவுல குறுக்க மூணு கோடு, கூம்பைத் தாண்டி ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கணும். நீட்டின முனைகளை மேலருந்து கீழ பக்கத்துக்கு ஒரு கோட்டுல சேர்த்துருங்க. எண்ணிப் பாருங்க, 23 புள்ளி வரணும். வரலைன்னா எங்கியோ கோடு தப்பு.

மூணு கல்லு புலி, 15 புளியங்கொட்டை ஆடு. ஒரு புலி உச்சியில, ரெண்டு அதுக்குக் கீழ. ஆட்டுக்காரரு ஒரு முறைக்கு ஒரு ஆட்டை வெக்கணும், 15ம் வெச்சு முடியற வரைக்கும் எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. பக்கத்துல ஆடு இருந்து, அதுக்கு நேர் அக்கட்டால, அதான் அந்தப் பக்கத்துல, புள்ளி காலியா இருந்தா புலி தாண்டி ஆட்டைத் தின்னுரும். மூணு புலியையும் அசைய விடாம அடைச்சுட்டா ஆடு ஜெயிச்சுது. அஞ்சாறு ஆடு போயிருச்சுன்னா ஆட்டுக்காரரு தோத்தாருன்னு வெச்சுக்குங்க.

வழக்கமா ரெண்டு பேரு ஆடறது. நீங்க மாத்துங்க. ஆளுக்கு ஒரு புலியைக் குடுத்துட்டு, ஆட்டை நீங்க வெச்சுக்குங்க. ஒரு முறைக்கு ஒரு புலிதான் நகரலாம், எந்தப் புலின்னு மூணு பேரும் பேசி முடிக்கட்டும். நீங்க ஒரு கொட்டையை வெச்சுட்டுப் பிசிறு வெட்டப் போயிருங்க. அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள நாலு பீஸு முடிஞ்சிரும். ஆனா நடுவுல பஞ்சாயத்துக்கு மட்டும் போயிராதீங்க.

பல்லடம் ரோட்டுக்காரி:

கொறங்காட்டான் அண்ணா, சனிக்கிழமை முடிஞ்சுதுங்க. நடந்ததைச் சொல்லிடறேன்.

சாக்பீஸ்ல ஹால் தரையில கோடு போட்டேன். மொதல் ஆட்டத்துல நடுவால ஆட்டை வெச்சு, பத்தே நிமிசத்துல ஆறு ஆடு போச்சு. மூணு பேரும் குதிச்ச குதியில நான் பயந்த மாதிரியே கீழ வீட்டுப் பெரியவரு ஏறி வந்துட்டாரு. வாசப்படியில நின்னு திட்ட வாயெடுத்தவரு தரையைப் பார்த்தாரு. "யாரும்மா இந்தக் கோடு போட்டது? 22தான் இருக்குது"ன்னாரு. எண்ணிப் பார்த்தா மெய்தான், ஒரு பக்கம் நடுக்கோட்டைக் கூம்போடவே நிறுத்திட்டேன். அவரே குனிஞ்சு இழுத்துவிட்டுட்டு, "ஆட்டை எங்கிட்டக் குடு"ன்னு செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு.

அவரு ஆடினது வேற மாதிரிங்க. முதல் நாலு ஆட்டையும் வெளிக்கோட்டு நாலு மூலையில வெச்சாரு. மூலைக்கு அக்கட்டால புள்ளியே இல்லை, எந்தப் புலியும் தாண்ட முடியாது. பசங்களுக்கு அது புரியறதுக்கே நேரம் புடிச்சுது. அப்புறம் உச்சிப் புலியைச் சுத்தி ஒவ்வொண்ணா அடைச்சுட்டாரு. அந்தப் புலிக்காரன் எங்கிட்டத் திரும்பி, "ஆன்ட்டி, என் புலி மாட்டிக்கிச்சு. நான் போன் பார்க்கட்டா?"ன்னான்.

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள எம்பையன், "இருடா, இந்த ஆட்டை நான் தின்னா உனக்கு வழி விடும்"ன்னான். தின்னான். வழி விட்டுது. ஆனா அங்க போனதுல அவன் புலி மாட்டிக்கிச்சு. அதுக்கு ரெண்டு பேரும் போட்ட சண்டை சாப்பாடு வரைக்கும் ஓடுச்சு. மூணு மணி நேரம், ஒருத்தன்கூட மணி கேக்கலை. அரிசிம்பருப்புச் சோறுதான் போட்டேன், நெய் விட்டு.

முழுசா அதிசயமெல்லாம் இல்லைங்க. மத்தியானத்துக்கு மேல சலிச்சுப் போய், கோன் அட்டையை எடுத்து ஒருத்தன் தலையில ஒருத்தன் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க. நாலரைக்கு டீச்சர் சொன்ன மாதிரி அரை மணி போன் குடுத்தேன். பெரியவரு போறப்ப, சாக்பீஸைத் தொடைச்சிரு, இனிமே மொட்டைமாடியில தொட்டி நிழல்ல பெயிண்ட்ல போட்டுக்கலாம்னு சொன்னாரு. வாடகை வீட்டுக்காரிக்கு இது பெரிய விசயம்.

ஒரே ஒரு சிக்கல். இதைக் கேள்விப்பட்டு எதுத்த வீட்டுப் பையனும் அடுத்த சனிக்கிழமை வர்றானாம். புலி மூணுதானே இருக்குது?

கொறங்காட்டான்:

அவனைப் பெரியவரு பக்கத்துல உக்கார வெச்சு, ஆட்டைக் குடுங்க அம்மிணி.