கதவைத் தட்டியவர்கள்: வீட்டில் கற்பிக்கும் தாய்மாரின் அனுபவப் பகிர்வு

மூன்று பிள்ளைகளின் தாய்

என் மூத்த மகனுக்கு ஒன்பது வயது நிறைந்தும் வாசிக்க வரவில்லை. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வான். சேர்த்துச் சொல்லும்போது அவை அவனிடமிருந்து நழுவிவிடும். காலையில் வாசித்த சொல்லை மாலையில் முதன்முறை பார்ப்பவன்போல் பார்ப்பான். அவனுக்கு ஆசிரியை நான்தான். அதனாலேயே இதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டிலேயே கற்பிப்பது என்று நானும் கணவரும் முடிவெடுத்தபோது எங்களைப் பிடித்துக்கொண்ட வசனம் உபாகமம் 6:7. "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளோடு பேச வேண்டும் என்கிற அந்தக் கட்டளையை இன்றும் நான் நேசிக்கிறேன். ஆனால் "உன் வீட்டில்" என்ற சொல்லை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டு கதவை உள்ளே தாழிட்டுவிட்டேன். "பாடமெல்லாம் எப்படிப் போகிறது?" என்று சபையில் யாராவது கேட்டால், "கர்த்தருடைய கிருபையால் நன்றாகப் போகிறது" என்பேன். பல மாதங்கள் அப்படியே சொல்லிவந்தேன்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் முறைவைத்து வேதம் வாசிப்பார்கள். அவனுடைய முறை வரும் வாரம் எனக்கு முன்கூட்டியே தெரியும். சனிக்கிழமை மாலை அந்தப் பகுதியை நான் வாசிக்க வாசிக்க அவன் மனப்பாடம் செய்வான். மறுநாள் வேதாகமத்தை விரித்துப் பிடித்து, கண்ணை எழுத்தின்மேல் ஓட்டியபடி ஒப்பிப்பான். எல்லோரும் அவன் வாசிப்பதாகவே நினைத்தார்கள். ஒரு பொய்யை அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன், அதுவும் கையில் வேதாகமத்தைக் கொடுத்து. இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சங்கீதம் ஒன்றைப் பிழையில்லாமல் சொன்னான். கையில் விரிந்திருந்தது எசேக்கியேலின் பக்கம். வகுப்பெடுத்த சகோதரி அதைப் பார்த்துவிட்டார். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மேசை முழுக்கப் புத்தகங்கள், தரையில் சின்னவள் அழுதுகொண்டிருக்கிறாள், நான் தலைகூட வாரியிருக்கவில்லை. அவர் சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எத்தனை நாளாக இதைத் தனியாகச் சுமக்கிறாய்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு என்னால் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

அவர்தான் அவனைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்படி வற்புறுத்தினார். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு என்றார்கள். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும், ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, திரும்பத் திரும்ப இணைத்துக் கற்பித்தால் வாசிப்பு வரும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது என்று அவர்கள் சொன்னபோது கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளியில் தன்னை எழுப்பி வாசிக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்ததை அன்றிரவு முதன்முறையாக என்னிடம் சொன்னார். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குடும்ப ஜெபத்தில் அவர் எப்போதும் என்னையே வேதம் வாசிக்கச் சொல்வதை நான் தாழ்மை என்று நினைத்திருந்தேன்.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "உன்னை வாசிப்பதுபோல் நடிக்க வைத்தது அம்மாவின் பாவம்" என்றேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அடுத்த முறை வாசிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்கிறேன் என்றே சொல்லிவிடலாமா அம்மா?" என்று கேட்டான். அவன் தோள்கள் அவ்வளவு தளர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டுக் கதவை அப்படித் தட்டியவர்கள் உண்டா? எழுதுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

இரட்டையரின் அம்மா

என் கதவைத் தட்டியவளை வாசலிலேயே காயப்படுத்தி அனுப்பியவள் நான்.

பத்து வயதிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். பிறகு இருவரும் தாயானோம். அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள், நான் வீட்டில் கற்பிக்க முடிவுசெய்தேன். அதுவரை எங்களுக்குள் எந்தக் கசப்பும் இல்லை. ஒருநாள் பெண்கள் ஐக்கியத்தில் எல்லோர் முன்பாகவும் சாட்சி சொல்லும்போது, "கர்த்தர் பிள்ளைகளை என்னிடம்தான் ஒப்படைத்தார், யாரோ ஒரு பள்ளியிடம் ஒப்படைக்கவில்லை" என்றேன். பலர் ஆமென் என்றார்கள். அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் தீர்மானத்தைச் சொல்வதாக நினைத்து அவளுடைய தீர்மானத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் ஆராதனை முடிந்ததும் கைகுலுக்குவோம், அவ்வளவுதான்.

மூன்றாவது பிள்ளையைச் சுமந்தபோது மருத்துவர் என்னைப் படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்றார். இரட்டையருக்கு அப்போது ஏழு வயது. அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. என் மாமியாரிடம் விஷயத்தை அறிந்து அவளாகவே வந்தாள். வேலை முடித்து, தன் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, நேராக எங்கள் வீட்டுக்கு. அவளுடைய மகள் என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெருக்கல் வாய்பாட்டை அவர்கள் கற்றது என்னிடமிருந்து அல்ல, பள்ளிக்குப் போகும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடமிருந்து.

நான்காவது வாரம் மன்னிப்புக் கேட்டேன். "நான் அன்று என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா?" என்று ஆரம்பித்தேன். "அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்" என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொன்னது அதற்கும் சில நாட்கள் கழித்துத்தான். அவசரமாகச் சொல்லாததற்காக அவளை இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

"இரும்பை இரும்பு கருக்கிடும்" என்ற நீதிமொழியை நான் பிறரைத் திருத்துவதற்கான அனுமதியாகவே வாசித்துவந்தேன். கருக்கிடுவது என்றால் கூர்மையாக்குவது. அந்த உரசலில் தேய வேண்டிய இரும்பு நானாகவும் இருக்கலாம் என்று படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில்தான் புரிந்தது.

மூத்த சகோதரி ஒருவர்

நான் வீட்டில் கற்பிக்கத் தொடங்கிய நாட்களில் எனக்கு முன்மாதிரி சூசன்னா வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய சகோதரர்கள் ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லியின் தாய். 1669 முதல் 1742 வரை வாழ்ந்தவர். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைக் குழந்தைப் பருவத்திலேயே அடக்கம் செய்தவர். எஞ்சியவர்களுக்கு நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் வீட்டிலேயே பாடம் நடத்தினார். ஐந்து வயது நிறைந்ததும் ஒரே நாளில் எழுத்துகளைக் கற்பித்து, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை வாசிக்கக் கற்பிக்கத் தொடங்கிவிடுவார். நானும் அவரைப்போலவே அட்டவணை போட்டேன். அது என்னையும் பிள்ளைகளையும் கசக்கிப் பிழிந்தது.

முதலில் எழுதிய சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூசன்னாவின் பிள்ளைகளிலும் இரண்டு பெண்களுக்கு அந்த எழுத்துகள் ஒரு நாளில் வரவில்லை, ஒன்றரை நாள் ஆயிற்று. அவர்களை மந்தமானவர்கள் என்று அப்போது தான் நினைத்ததாக அந்தத் தாயே எழுதிவைத்திருக்கிறார். பொதுவாகப் பல பிள்ளைகள் எழுத்துக் கற்க எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டபிறகே அந்த எண்ணம் மாறியது. அவருக்கே அப்படி என்றால் உங்களை நீங்கள் இவ்வளவு நோகடிக்க வேண்டாம், மகளே.

அவரிடமிருந்து ஒரு வழக்கம் மட்டும் என்னிடம் நிலைத்தது. வாரத்தில் ஒரு மாலையை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு மட்டும் தனியாகப் பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் அந்த வியாழன் மாலைகளை நினைத்துத் தாய்க்குக் கடிதம் எழுதியவர் ஜான். என் மூத்த மகளுக்கு நான் ஒதுக்கியது செவ்வாய்.

அவளுக்குப் பதினேழு வயதானபோது ஒரு செவ்வாய் மாலை, "அம்மா, நான் இதையெல்லாம் உண்மையிலேயே விசுவாசிக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை" என்றாள். அவளுக்கு வேதத்தைப் போதித்தது முழுக்க நான். எழுந்த எழுபது பதில்களையும் விழுங்கிக்கொண்டு, "சொல், கேட்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை. சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது, எங்கள் சபையில் இருந்த ஒரு விதவைத் தாயிடம், என் நெருங்கிய சிநேகிதியிடம், அவள் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று.

எனக்குப் பொறாமை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். பால் கொடுத்து, எழுத்துச் சொல்லி, ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான் இருக்க, அவளுடைய கேள்விகள் வேறொரு வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டன. சிநேகிதியிடம் சண்டைக்கே போனேன். "உன்னைப் புண்படுத்திவிடுவோமோ என்று பயப்படுகிறாள். என்னிடம் அந்தப் பயம் இல்லை. அவ்வளவுதான்" என்றாள். என் மகள் சொன்னது எதையும் அவள் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்டும் சொல்லவில்லை.

தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் அவனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்த வசனத்தை எத்தனையோ தாய்மார் கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவர் யார் என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். அந்தக் குடும்பத்தைச் சேராத ஒருவர், வெளியிலிருந்து வந்து, ஐனிக்கேயாளின் பிள்ளையைத் தம் பிரியமான குமாரன் என்று அழைக்கிறார். அந்தத் தாய் அதற்கு இடம் கொடுத்திருக்கிறாள்.

மகளுக்கு இப்போது இருபத்துநான்கு வயது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு வருகிறாள், சிலவற்றில் வருவதில்லை. செவ்வாய் மாலைகளில் தொலைபேசியில் அழைக்கிறாள். ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்கியிருப்பவள்

எல்லாவற்றையும் கண்ணீரோடு வாசித்தேன். எனக்கு அப்படிக் கதவைத் தட்ட யாரும் இல்லை, அக்கா. சபைக்குப் புதிதாக வந்திருக்கிறோம். கணவர் இரவில்தான் வருகிறார். நாள் முழுவதும் ஐந்து வயதுப் பிள்ளையோடு மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன்.

மூத்த சகோதரி ஒருவர்

லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்து பாரம்மா. மரியாளைத் தேடி எலிசபெத்து வரவில்லை. மரியாள்தான் எழுந்து மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் போனாள், ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினாள். இந்த ஞாயிறு யாராவது ஒருவரிடம் போய், "எனக்குப் பேச ஒருவர் வேண்டும்" என்று கேள். அந்த வார்த்தைகளிலேயே கேள். வெட்கமாக இருக்கும். பரவாயில்லை. தனிச்செய்தியில் என்னிடமும் பேசலாம்.

இப்போது பள்ளிக்கு அனுப்புகிறவள்

இங்கே எழுத எனக்கு இடம் உண்டா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். நான்கு ஆண்டுகள் வீட்டில் கற்பித்தேன். பிறகு எனக்கு மனச்சோர்வு நோய் வந்தது. சோம்பலும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. மருந்து எடுக்க வேண்டிய நோய். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டில் கற்பிக்கும் ஐந்து குடும்பங்கள் கூடுவோம். பிள்ளைகள் விளையாடுவார்கள், நாங்கள் ஜெபிப்போம். அவர்களுக்கு இதைத் தெரிவிக்க ஒரு செய்தியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். நான்காவது முறை அனுப்பிவிட்டுக் கைபேசியை அணைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தபோது ஒருத்தியிடமிருந்து வந்திருந்த பதில் இதுதான்: "வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வருகிறாய்தானே? பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்படி நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்."

எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். எனக்கு அந்த வசனம் ஒரு பெண்ணின் குரலில்தான் கேட்கிறது.

மூன்று பிள்ளைகளின் தாய்

கடைசியாக எழுதிய சகோதரி, உங்களுக்கு இங்கே இடம் உண்டு. எல்லோரையும்போல உண்டு.

மகனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: இப்போது பதினொரு வயது. விரலை வைத்து மெதுவாக வாசிக்கிறான். ஆங்கிலக் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923) சிறு பிள்ளைகளுக்கான பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றும், கேட்டதைப் பிள்ளை தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும் என்றும் வலியுறுத்தியவர். இந்த இரண்டாவது பழக்கம் என் மகனைத் தலைநிமிரச் செய்தது. வாசிப்பில் தடுமாறுகிறவன், ஒருமுறை காதால் கேட்டதை ஒன்றுவிடாமல், தன் சொந்தக் கேள்விகளோடு திருப்பிச் சொல்வான். அத்தனை நாள் அவனிடம் இல்லாததையே அளந்துகொண்டிருந்தேன். ஒலி வடிவில் வேதாகமம் வாங்கினோம். மாலையில் தகப்பனும் மகனும் சேர்ந்து கேட்கிறார்கள். கணவர் சில நாட்களில் குடும்ப ஜெபத்தில் இரண்டு மூன்று வசனங்களைத் தாமே வாசிக்கிறார். அந்த நேரத்தில் மகன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

அன்று எங்கள் கதவைத் தட்டிய சகோதரி இன்றும் திங்கட்கிழமைகளில் வருகிறார். போன வாரம் மாற்கு இரண்டாம் அதிகாரம். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து, கூட்டத்தினால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலை இறக்குகிற பகுதி. மகன் கேட்டு முடித்துத் திருப்பிச் சொன்னான். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "அவன் விசுவாசம் இல்லையா அம்மா? அவர்கள் விசுவாசமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் அந்த நான்கு பேரின் பெயரை ஏன் எழுதவில்லை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் சின்னவளுக்கு எழுத்துப் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த சகோதரியைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. சின்னவளின் விரலைப் பிடித்து அடுத்த எழுத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.