ஷேட் மேட்சிங் பெட்டிக்கு எந்தெந்த எல்இடி?

நூல்வண்ணம்:
திருப்பூரில் ஒரு சாய லேப்புக்கு 60×45 செ.மீ. ஒளிப்பெட்டி கட்டுகிறோம். டி65 (பகல் ஒளி), ஏ (டங்ஸ்டன் பல்பு ஒளி), டிஎல்84 (கடைகளின் குழல் விளக்கு ஒளி) மூன்றும் ஒரே பெட்டியில் வேண்டும். ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பை 6500 கெல்வினுக்கு வைத்தால், அதில் ஒத்துப்போகும் துணிகள் வெயிலில் விலகுகின்றன. எத்தனை சேனல் (தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் எல்இடி வகை), எந்த அலைநீளம் வாங்குவது?

ஒளிக்கோவை:
6500 கெல்வின் என்பது அந்த வெள்ளை கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை மட்டுமே சொல்லும். சாயத்துக்கு முழு ஸ்பெக்ட்ரமும் முக்கியம். ஆர்ஜிபியில் 525-க்கும் 630 நானோமீட்டருக்கும் நடுவே பெரிய பள்ளம்; காக்கி, பழுப்பு ஷேட்களில் உள்ள வித்தியாசம் அங்கேதான் மறைந்துவிடுகிறது. அந்த இடத்துக்கு ஒற்றை நிற சிப்பைத் தேடாதீர்கள், 540 முதல் 590 வரை நேரடியாக ஒளிரும் சிப்களுக்குத் திறன் மிகக் குறைவு. பாஸ்பர் பூசிய லைம் (மஞ்சள் கலந்த பச்சை) எல்இடிதான் சரி.

டி65-க்கு என் தேர்வு: சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற மதிப்பெண்) 95 உள்ள 2700 கெல்வின் வெள்ளை அடிப்படை. அதன்மேல் 405, 425, 450, 475, 500 நானோமீட்டர், லைம், 660. வெள்ளைத் துணியில் உள்ள ஆப்டிகல் பிரைட்டனரை (புற ஊதாவில் நீலமாக ஒளிரும் வெண்மையூட்டி) ஒளிரவைக்க 365. ஆக 9 சேனல். டி65-இல் 560-இன் அளவு 100 என்றால் 460-இல் ஏறக்குறைய 118. வார்ம் வெள்ளையின் நீலம் இதற்கு எட்டவே எட்டாது. 475-உம் 500-உம் வெள்ளை எல்இடியின் 480 பள்ளத்தை நிரப்பும். வாங்கும்போது டேட்டாஷீட்டில் இருப்பது பீக்கா (ஒளி உச்சமாக உள்ள அலைநீளம்), டாமினன்ட்டா (கண்ணுக்குத் தெரியும் நிறத்தின் அலைநீளம்) என்று பாருங்கள். பச்சையில் இரண்டும் பல நானோமீட்டர் தள்ளி நிற்கும்.

ஏ-வுக்கு எல்இடி வேண்டாம். அது 2856 கெல்வின் டங்ஸ்டன் ஒளி, 700-இல் 198 வரை ஏறுகிறது, 660 சிப் அங்கே தீர்ந்துவிடும். ஹாலஜன் பல்பை டிம் செய்தாலே போதும். டிஎல்84-இன் கூர்மையான 544, 611 முனைகளுக்கும் குழல் விளக்கையே வையுங்கள்.

மின்னோட்டம்:
ஒவ்வொரு சேனலுக்கும் தனி கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர் கொடுங்கள். கரன்ட்டைக் குறைத்து டிம் செய்யாதீர்கள். 500 சிப்பின் பீக் நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்துவிடும். பிடபிள்யூஎம் (வேகமாக அணைத்து எரியவிட்டு ஒளியைக் குறைப்பது) தான் வழி. 8 பிட்டில் (256 படிகள்) 365 சேனல் 4-ஆம் படியில் ஓடினால், ஒரு படி மாறினாலே 25 சதவீதம் தாவும். இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரில் 12 பிட்டுக்கு 19.5 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கிறது, ஒளிர்வும் நடுங்காது.

சூடாகும்போது 660 சிப் நீலத்தைவிட வேகமாக மங்கும், பெட்டி மெல்ல நீலம் பக்கம் சாயும். அலுமினிய கோர் போர்டு, நல்ல ஹீட் சிங்க், 20 நிமிட வார்ம் அப் மூன்றும் கட்டாயம். சூடான நிலையிலேயே ஒவ்வொரு சேனலையும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து, விகிதத்தை நெகட்டிவ் வராத லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையில் (எல்லா சேனலும் சேர்ந்த ஒளி டி65-க்கு மிக நெருங்கும்படி) கணக்கிடுங்கள். சாதாரண லீஸ்ட் ஸ்கொயர்ஸ் ஏதாவது ஒரு எல்இடிக்கு மைனஸ் விடை கொடுத்துவிடும்.

நூல்வண்ணம்:
மேலே பால்நிற அக்ரிலிக் டிஃப்யூசர் போடலாமா?

ஒளிக்கோவை:
மற்ற சேனல்களுக்குப் போடலாம். சாதாரண அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் 365-ஐ விழுங்கிவிடும். ஆப்டிகல் பிரைட்டனர் ஏற்றிய வெள்ளைத் துணி மஞ்சளாகத் தெரியும், நீங்கள் சாயத்தைக் குறை சொல்வீர்கள். 365 எல்இடிகளை டிஃப்யூசருக்கு வெளியே, சுவரோரம், கண்ணுக்கு நேரே படாத சாய்வில் பொருத்துங்கள். உட்சுவருக்கு மேட் சாம்பல், மன்செல் நிற அட்டவணையில் என்7.