பார்ட், கவுண்டர்பார்ட்: தமிழில் என்ன போடலாம்?
(எழுதுபவர்கள் தங்கள் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

செந்தூல்:
வணக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்கான புதைபடிவக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நிலக்கரிக்கு மேல் கூரையாகக் கிடக்கும் களிப்பாறையைப் பிளந்தால் ஒரே இலை இரண்டு கற்பலகையிலும் தெரியும். ஒன்று பார்ட், இன்னொன்று கவுண்டர்பார்ட். ‘அச்சு, எதிரச்சு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பட்டர்வொர்த்:
அம்மா, அச்சு வேண்டாமே. அது ‘அக்ஷ’த்திலிருந்து வந்த வண்டி அச்சு. ‘முகம், எதிர்முகம்’ போடுங்கள், தூய தமிழ்.

பிரிக்பீல்ட்ஸ்:
வண்டி அச்சு வேறு, வெல்லம் ஊற்றும் அச்சு வேறு அண்ணே. பின்னது கன்னடத்திலும் உண்டு. ‘முகம்’ தூய தமிழா என்று எடுத்தால் வெள்ளிக்கிழமை போய்த் தீபாவளி வந்துவிடும். எனக்கு உறுத்துவது ‘எதிர்’தான். மேடு பள்ளம் எதிராகும், சரி. ஆனால் இலை கரியாகி மிஞ்சிய கரிப்படலம் எந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது, பாதி பாதியாகவும் பிரியும். பெரணியில் வித்துப்பைகள் இலையின் அடிப்பக்கம் இருக்கும். பாறையோ பெரும்பாலும் வழவழப்பான மேல்பக்கத்தை ஒட்டியே பிளக்கும். அடையாளம் சொல்ல வேண்டியது ஒரு பலகைக்குள் புதைந்தே கிடக்கும். ‘எதிர்’ என்றால் வெறும் நகல் என்று நினைத்துப் பிள்ளைகள் வீசிவிடுவார்கள். ‘இணைப்பாளம்’ போடுங்கள்.

பட்டர்வொர்த்:
பாளம் தங்கத்துக்கு. இல்லாவிட்டால் வறண்ட வயல் பாளம் பாளமாக வெடிக்கும்.

ஜெலுத்தோங்:
பெயர் எதுவானாலும் செய்முறையைச் சரியாகப் போடுங்கள் அம்மா. பலகையை விளிம்பில் நிறுத்தி, அகலமான உளியைப் பாறை அடுக்குகள் சேரும் படிவுக் கோட்டில் வைத்து, சுற்றிலும் மெல்லத் தட்டி வர வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் குறுக்கே உடையும். பிளந்தவுடன் இரண்டிலும் ஒரே எண்: 14அ, 14ஆ. எண்ணைப் புதைபடிவத்தின் மேல் எழுதக் கூடாது, பின்பக்கம்தான். முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டினால் உரசிக் கரிப்படலம் உதிரும். தனித்தனியாக டிஷ்யூ, மேலே செய்தித்தாள். தண்ணீரில் கழுவினால் களிப்பாறை சேறாகும். வெயிலில் காய்ந்தால் விரிசல் விடும், நிழல்தான். இரும்புக் கந்தகம் கலந்த துண்டு என்றால் நம் ஊர் ஈரக்காற்றில் வெள்ளைப் பொடி பூத்து நொறுங்கும். ஈரப்பதம் ஏறாமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வார்னிஷ் பூசவே கூடாது.

செந்தூல்:
நன்றி ஐயா. அட்டைக்கு சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கப் படம், உள்ளே லெபிடோடென்ட்ரான் தண்டு. பொருந்துமா?

பிரிக்பீல்ட்ஸ்:
பொருந்தாது. பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை வெட்டியது டெர்ஷியரி காலத்து, அதாவது ஆறரைக் கோடி ஆண்டுக்கு உட்பட்ட, இளங்கரி. லெபிடோடென்ட்ரானோ சுமார் 30 கோடி ஆண்டு பழைய கார்பனிஃபெரஸ் மரம். உள்நாட்டிலேயே பழைய இலை வேண்டுமானால் பகாங்கின் ஜெங்காவில் கார்பனிஃபெரஸுக்கு அடுத்த பெர்மியன் காலத்து ஜைஜான்டாப்டெரிஸ் என்னும் அழிந்துபோன செடி வகைகள் உண்டு.

பட்டர்வொர்த்:
மலாயில் ‘பத்து’ கல், ‘ஆராங்’ கரி. கல்கரி! நம்மவர்கள் பத்துமலையையே பத்து மலைகள் என்று எண்ணப் பார்த்தவர்கள். நிலக்கரியை ஏன் ‘கல்கரி’ ஆக்கக் கூடாது?

ஜெலுத்தோங்:
அது அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

செந்தூல்:
மூவர் தனிமடலில் ‘பாதி, மறுபாதி’ என்றார்கள். எதையும் வீசாமல் இருக்கச் சொல்லும் சொல். அதையே போடுகிறேன். அட்டைப்படத்தையும் மாற்றிவிட்டேன்.

பட்டர்வொர்த்:
போடுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது பலகை பாதிக்குப் பாதி உடைந்தே வரும். அப்போது அதை ‘மறுகால்’ என்பீர்களா?

ஜெலுத்தோங்:
14ஆ1, 14ஆ2 என்போம்.